குடிநோய்க்கும் மருத்துவம் உண்டு: மூளை சொல்லும் பாடம்



படிவம் 4 உயிரியலின் 12ஆம் அத்தியாயத்தில் நரம்பணு, சினாப்ஸ், நரம்புக் கடத்தி ஆகியவற்றைப் படிக்கிறீர்கள். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கிறீர்கள். தேர்வு முடிந்ததும் பலருக்கு அது மறந்துபோகிறது. ஆனால், கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் மாலைதோறும் பல வீடுகளில் நடப்பதை விளக்கும் பாடம் அதுதான். காலையில் “இனித் தொடவே மாட்டேன்” என்று சத்தியம் செய்யும் அப்பா, மாலையில் குடித்துவிட்டு வருகிறார். அம்மா அழுகிறார். பாட்டி சாமிக்கு நேர்ந்துகொள்கிறார். பிள்ளைகள் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

“மனசு வைத்தால் விட்டுவிடலாம், அவருக்கு மனசு இல்லை” என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சரிதானா? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

கிள்ளான், 1941

இது நம் சமூகத்திற்குப் புதிய சிக்கல் அன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவ வசதி ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையையும் வைத்தார்கள். தோட்டங்களில் உள்ள கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதே அது. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவருக்கு வீட்டுப் பக்கத்திலேயே கள் கிடைத்தால் குடும்பம் என்னாகும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. ஆனால், ஏற்கெனவே அடிமையாகிவிட்டவரைக் குணப்படுத்தும் மருத்துவம் அப்போது எட்டும் தூரத்தில் இல்லை. இன்று இருக்கிறது. அதைத் தேடிப் போகத்தான் பலர் தயங்குகிறோம்.

மூளையில் என்ன நடக்கிறது?

1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். எலியின் மூளைக்குள் மெல்லிய மின்முனையைப் பொருத்தி, எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் மூளையின் குறிப்பிட்ட பகுதிக்குச் சிறு மின்தூண்டல் கிடைக்குமாறு அமைத்தார்கள். எலிகள் திரும்பத் திரும்ப நெம்புகோலை அழுத்தின. மூளையில் “இது நல்லது, மறுபடியும் செய்” என்று சொல்லும் ஒரு பாதை இருப்பது அதனால் தெரியவந்தது. அதை வெகுமதிப் பாதை என்கிறோம். அந்தப் பாதையில் முக்கியமாக வேலை செய்யும் நரம்புக் கடத்தி டோப்பமைன்.

பசித்தபோது உண்பதும் நண்பர்களோடு சிரிப்பதும் இந்தப் பாதையை அளவாகத் தூண்டும். மது, சியாபு, ஹெரோயின், சிகரெட்டிலும் வேப்பிலும் உள்ள நிக்கோட்டின் ஆகியவை அளவுக்கு மீறித் தூண்டும். நாள்பட நாள்பட மூளை தன்னைக் காத்துக்கொள்ள டோப்பமைன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அதன் பிறகு பழைய அளவு போதாது. சாதாரண மகிழ்ச்சிகளும் சுவை இழக்கின்றன. “வேண்டாம், நிறுத்து” என்று தீர்மானிக்கும் முன்னெற்றி மூளைப்பகுதியின் பிடியும் தளர்கிறது. காலையில் செய்த சத்தியம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதைக் காப்பாற்ற வேண்டிய உறுப்பே பாதிக்கப்பட்டிருக்கிறது.

அந்த முன்னெற்றிப் பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயதாகும். அதனால்தான் உங்கள் வயதில் தொடங்கும் பழக்கம் எளிதில் வேரூன்றுகிறது. 2022இல் சுகாதார அமைச்சு இளையோரிடம் நடத்திய தேசிய ஆய்வில் 14.9 விழுக்காட்டினர் வேப் புகைப்பதாகத் தெரியவந்தது. 2017இல் அது 9.8 விழுக்காடாக இருந்தது. எனவே இந்தப் பாடம் அப்பாவைப் பற்றியது மட்டுமல்ல.

திடீரென நிறுத்தினால் ஏன் ஆபத்து?

பல வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு செயல், பாட்டிலை உடைத்துவிட்டு அவரை அறையில் பூட்டிவைப்பது. நீண்ட காலமாகத் தினமும் அதிகம் குடிப்பவருக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். காரணம் சினாப்சில் இருக்கிறது.

மூளையில் காபா என்ற நரம்புக் கடத்தி வேகத்தைக் குறைக்கும். குளூட்டமேட் வேகத்தைக் கூட்டும். காபாவை காரின் பிரேக் என்றும், குளூட்டமேட்டை எண்ணெய் மிதி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மது பிரேக்கை அழுத்துகிறது. பிரேக் எப்போதும் அழுந்தியே இருப்பதால், ஈடுகட்ட மூளை எண்ணெய் மிதியைக் கூடுதலாக மிதிக்கப் பழகுகிறது. ஒரு நாள் மது திடீரென நின்றால் என்னாகும்? பிரேக் விடுபடுகிறது. எண்ணெய் மிதியிலிருந்து கால் எடுபடவில்லை. வண்டி சீறிப் பாய்கிறது.

சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் 2 நாட்களில் சிலருக்கு வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்குக் காய்ச்சல், கடும் குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது ஆகியவை ஏற்படலாம். “பேய் பிடித்துவிட்டது” என்று வீட்டில் நினைக்கும் நிலை இதுவாகவும் இருக்கலாம். இந்த நிலையில் அவரைக் கொண்டுபோக வேண்டிய இடம் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அங்கே மருத்துவர்கள் காபா ஏற்பியில் வேலை செய்யும் மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயாமின் எனப்படும் பி1 வைட்டமினையும் கொடுப்பார்கள். நீண்டகாலக் குடியால் அந்த வைட்டமின் குறைந்துபோனால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம்.

சோற்றில் கலக்கும் பொடி

“குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்” என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். டைசல்பிராம் என்ற மாத்திரையையே ரகசியமாகக் கலப்பவர்களும் உண்டு. இதன் வேதியியலைப் பாருங்கள்.

கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றும். பிறகு ஒரு நொதி அதைத் தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றும். சீன, ஜப்பானிய, கொரிய வம்சாவளியினர் சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி சரியாக வேலை செய்யாது. கொஞ்சம் குடித்தாலே அவர்கள் முகம் சிவப்பது இதனால்தான். டைசல்பிராம் இதே நொதியைத் தடுக்கிறது. 1948இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இதை மதுவுக்கு எதிரான மருந்தாக அறிவித்தார்கள். இதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, தலை வலித்து, வாந்தியும் படபடப்பும் வரும். இரத்த அழுத்தம் வெகுவாகக் குறையலாம். இதய நோயாளிக்கு உயிரே போகலாம்.

எனவே நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் பரிசோதித்த பிறகே இது கொடுக்கப்பட வேண்டும். ரகசியமாகக் கலப்பது அவருக்கு நஞ்சு வைப்பதற்குச் சமம். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் உண்டு. அவற்றையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

யார் யார், என்ன செய்வார்கள்?

சுகாதாரக் கிளினிக் மருத்துவர்: முதல் படி இவர்தான். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய 10 கேள்விகள் கொண்ட ஒரு சோதனை, குடிப்பழக்கத்தின் கடுமையை அளக்க உதவும். தேவைப்பட்டால் மருத்துவர் பரிந்துரைக் கடிதம் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை ஆகியவற்றில் மனநலப் பிரிவுகள் உள்ளன.

மனநல மருத்துவர்: மருத்துவப் பட்டம் பெற்று, அதன்பின் மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமை உள்ளவர். குடியோடு மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறதா என்பதையும் இவர் கண்டறிவார்.

மருத்துவ உளவியலாளர்: மருந்து கொடுக்க மாட்டார். எந்த எண்ணம், எந்த இடம், எந்த நண்பர் குடியைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து, அதைச் சமாளிக்கும் வழியைப் பேச்சு மூலம் பயிற்றுவிப்பார்.

ஆலோசகர்: 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி இவர் ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்ற எழுத்துகள் உள்ளனவா என்று பாருங்கள். “நானும் கவுன்சிலர்தான்” என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை.

மருத்துவச் சமூகப் பணியாளர்: வேலை போன குடும்பத்திற்கு உதவித்தொகை, மருத்துவச் செலவு, சமூக நல இலாகாவுடன் தொடர்பு ஆகியவற்றைக் கவனிப்பார்.

மீண்டவர்கள்: குடியை விட்டவர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிப்பிடிக்கும் குழு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தக் குழுவின் கூட்டங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நடக்கின்றன. குடிநோயாளிகளின் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக 1957இல் அலட்டீன் என்ற தனி அமைப்பு தொடங்கப்பட்டது. இந்தத் துன்பத்தை அனுபவிக்கும் மாணவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்லர் என்பதற்கு அதுவே சாட்சி.

குடும்பத்திற்கும் சிகிச்சை

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்பவர் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். சமூகப் பணி படித்த அவர், 1980இல் கணவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் சொல்வது அதைத்தான். நோயாளிக்கு மட்டுமன்றி அவர் குடும்பத்திற்கும் அங்கே பயிற்சி அளிக்கப்படுகிறது. மனைவியும் பிள்ளைகளும் பயத்திலும் வெட்கத்திலும் வாழ்ந்து பழகியவர்கள். அவர்களும் தேற வேண்டும் அல்லவா? இப்பணிக்காக அவருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சிகிச்சை பெற்றவர் மறுபடியும் குடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். போதைப் பழக்கத்திற்குச் சிகிச்சை பெற்றோரில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஒருமுறையாவது சறுக்குகிறார்கள் என்பது அமெரிக்க தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் தரும் கணக்கு. இரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளுக்கும் இப்படித்தான் நோய் திரும்புகிறது. அவர்களை நாம் திட்டுவதில்லை. மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம்.

நீங்கள் செய்யக்கூடியவை

ஒன்று: குடிப்பது உங்கள் குற்றம் அன்று. உங்கள் மதிப்பெண் குறைந்ததாலோ நீங்கள் எதிர்த்துப் பேசியதாலோ அவர் குடிநோயாளி ஆகவில்லை. அவரைக் குணப்படுத்தும் பொறுப்பும் உங்கள் தலையில் இல்லை.

இரண்டு: போதையில் இருப்பவரோடு வாதிடாதீர்கள். தெளிவாக இருக்கும் நேரத்தில், பெரியவர் ஒருவர் துணையோடு, “கிளினிக்குக்குப் போவோமா அப்பா?” என்று கேட்கலாம்.

மூன்று: அடி, உதை என்றால் முதலில் அங்கிருந்து வெளியேறிப் பாதுகாப்பான பக்கத்து வீட்டுக்குப் போங்கள். அவசர எண் 999. தாலியான் காசே எண் 15999.

நான்கு: பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் பேசுங்கள். நீங்கள் சொல்வதை அவர் ஊருக்குச் சொல்ல மாட்டார். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து இருந்தால் மட்டும், உங்களைக் காக்க வேண்டியவர்களிடம் தெரிவிப்பார்.

ஐந்து: “வாழவே வேண்டாம்” என்ற எண்ணம் வந்தால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். கோலாலம்பூர் பிரெண்டர்ஸ் அமைப்பை 03-76272929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் தாலியான் ஹீல் எண் 15555. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய 309ஆவது சட்டப்பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. உதவி கேட்பதற்குப் பயப்படத் தேவையில்லை.

சிந்தித்து விடை காண்க

1. நீண்ட காலம் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது கை நடுங்குவது ஏன்? காபா, குளூட்டமேட் ஆகிய சொற்களைப் பயன்படுத்தி விளக்குக.

2. டைசல்பிராம் தடுக்கும் நொதியின் வேலை என்ன? அது தடைபட்டால் இரத்தத்தில் எந்தப் பொருள் சேரும்?

3. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், பதிவு பெற்ற ஆலோசகர் ஆகிய மூவரின் பணிகளை ஓர் அட்டவணையில் ஒப்பிடுக.

4. உங்கள் நண்பன் 3 நாட்களாக வீட்டுப்பாடம் செய்யவில்லை. “வீட்டில் தூங்க முடியவில்லை” என்று மட்டும் சொல்கிறான். நீங்கள் அவனிடம் என்ன கேட்பீர்கள்? யாரிடம் அழைத்துச் செல்வீர்கள்? காரணம் கூறுக.

நான்காவது கேள்விக்கு விடைத்தாளில் மதிப்பெண் கிடையாது. ஆனாலும் இந்த வாரம் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான்.