தாயைப் பிரியும் முயல் குட்டிகளுக்குத் தீவனம்

கொல்லைப்புறத்தில் ஓர் ஆண் முயலும் மூன்று நான்கு பெண் முயல்களும் வைத்து வளர்க்கும் சிறு உழவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். குட்டிகள் கண் திறந்து, கூண்டு முழுவதும் துள்ளி விளையாடி, நன்றாகத்தான் வளர்கின்றன. தாயைப் பிரித்த இரண்டு வாரத்திற்குள் கழிச்சல் கண்டு ஒவ்வொன்றாகச் சாகின்றன. எட்டுக் குட்டிகள் உள்ள ஓர் ஈற்றில் நான்கு இவ்வாறு மடிந்தால், ஒரு மாதச் சினைக்காலத்திலும் அதன் பிறகு பால் கொடுத்த காலத்திலும் தாய்க்குப் போட்ட தீவனத்தில் பாதி வீணாயிற்று என்று பொருள். இந்த இழப்பின் பெரும் பகுதியைத் தீவன முறையினாலேயே தடுக்க முடியும். அதற்கு முதலில் குட்டியின் வயிற்றுக்குள் நடப்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

முயலின் சினைக்காலம் 28 முதல் 32 நாட்கள். குட்டிகள் முடியின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கின்றன. (நம் காட்டு முயலின் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். அது வேறு இனம். வீட்டு முயலோடு அதைக் கலப்பினம் செய்ய முடியாது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.) கண் திறக்கப் பத்து முதல் பன்னிரண்டு நாட்கள் ஆகும். தாய் முயல் பொதுவாக நாளைக்கு ஒரு முறை, இரவிலோ விடியற்காலையிலோ, மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும். பகலில் பெட்டிப் பக்கமே போகாத தாயைப் பார்த்து, குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று எண்ணிப் பசும்பாலைப் பஞ்சில் நனைத்து ஊட்டுவோர் உண்டு. காலையில் குட்டிகளின் வயிறு உருண்டு, தோல் சுருக்கமின்றி இருந்தால் அவை பால் குடித்திருக்கின்றன. வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. முயல் பாலில் கொழுப்பும் புரதமும் தனித்தனியே பத்துச் சதத்திற்கு மேல் உள்ளன. பசும்பாலில் இவை மூன்று, நான்கு சதமே. ஆகவே பசும்பால் அதற்கு ஈடாகாது.

பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் அமிலம் குறைவு. தாய்ப்பாலின் கொழுப்பிலிருந்து பிரியும் சில பொருள்களே அங்கே நோய்க்கிருமிகளை அடக்கி வைக்கின்றன. பால் நின்றதும் இந்தக் காவல் நீங்கிவிடுகிறது. வளர்ந்த முயலுக்கு உள்ளது போன்ற கடுமையான அமிலம் இரைப்பையில் ஊறச் சிறிது காலம் பிடிக்கும். அதே சமயத்தில், நார்ச்சத்தைப் புளிக்க வைத்துச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள குடற்பையில் இன்னும் முழுமையாகக் குடியேறியிருக்காது. இந்த இடைவெளியில் சோளம், கம்பு, அரிசி, பழைய சோறு போன்ற மாவுச்சத்து மிகுந்த பொருள்களை வயிறு முட்டத் தின்னக் கொடுத்தால், செரிக்காத மாவு குடற்பையை அடைந்து தீய கிருமிகளுக்கு இரையாகிறது. அவை வெளியிடும் நச்சே வயிறு உப்பவும் கழிச்சல் காணவும் காரணம். தாயைப் பிரிந்த குட்டி வாடுமே என்று இரக்கப்பட்டுத் தானியத்தை அள்ளிப் போடுவதுதான் பல இடங்களில் அதன் சாவுக்கு வழியாகிறது.

மூன்றாம் வாரத்திலேயே தொடங்குங்கள்

தாயின் பால் சுரப்பு ஈன்ற 20 நாட்கள் வாக்கில் உச்சத்தை எட்டிப் பிறகு குறையும். ஏறக்குறைய அதே நாட்களில் குட்டிகள் பெட்டியை விட்டு வெளியே வந்து, தாய் தின்னும் தழையைக் கொறிக்கத் தொடங்கும். பால்குடி மறக்கச் செய்யும் வேலை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. பின்னால் எந்தத் தீவனத்தைக் கொடுக்கப் போகிறீர்களோ, அதையே இப்போது தாய்க்கும் கொடுத்து வரவேண்டும். குட்டிக்கு எட்டும் உயரத்தில் தாழ்வான கலத்தில் சிறிது அடர்தீவனமும், கூண்டின் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பிடி காய்ந்த கடலைக்கொடியும் வையுங்கள். நாளைக்கு ஒரு குட்டிக்கு 5 கிராம் அடர்தீவனம் தின்றாலும் போதும். குடற்பை பழகிக்கொள்கிறது என்பதே இதில் கிடைக்கும் ஆதாயம். மிஞ்சியதை மறுநாள் காலை எடுத்துவிட வேண்டும். புளித்த தீவனம் கலத்தில் தங்கக் கூடாது.

இந்தப் பருவத்தில் குட்டிகள் விடியற்காலையில் தம் ஆசனவாயில் வாய் வைத்து, மென்மையான புழுக்கைகளைத் தின்பதைக் காணலாம். இது நோயன்று. குடற்பையில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய புரதத்தையும் பி வைட்டமின்களையும் முயல் இவ்வாறு மீண்டும் பெறுகிறது. தடுக்க முயல வேண்டாம்.

பிரிக்கும் நாள்

இறைச்சிக்காகப் பெரிய அளவில் வளர்ப்போர் 28 நாட்களிலேயே பிரிப்பதுண்டு. அவர்களிடம் குச்சித் தீவனமும் ஓயாத கண்காணிப்பும் இருக்கும். வீட்டில் தழையும் தவிடும் கொண்டு வளர்க்கும் நமக்கு 35 நாட்களுக்கு முன் பிரிப்பது உகந்ததன்று. 42 நாட்கள் வரை விடலாம். நாளை மட்டும் எண்ணாமல் எடையையும் பாருங்கள். வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களின் குட்டி 500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் இன்னும் சில நாட்கள் தாயோடு இருக்கட்டும். மளிகைக்கடைத் தராசே இதற்குப் போதும். ஈன்ற தேதியைக் கூண்டின் மேல் ஒரு தகரத் துண்டில் எழுதித் தொங்கவிட்டால் நாள் கணக்கு தவறாது.

பிரிக்கும் நாளில் குட்டிகளை எடுத்துப் புதுக் கூண்டில் விடுவதே எங்கும் காணும் வழக்கம். இதை மாற்றிக்கொள்ளுங்கள். தாயை எடுத்து வேறு கூண்டில் விடுங்கள். குட்டிகள் பிறந்த கூண்டிலேயே, உடன்பிறந்தவற்றோடு, பழகிய தீவனத்தைத் தின்றபடி இருக்கட்டும். தாய், இடம், துணை, தீவனம் நான்கையும் ஒரே நாளில் இழந்த குட்டி தின்னாமல் ஒரு மூலையில் ஒடுங்கும். பிறகு பசி பொறுக்காமல் ஒரேயடியாகத் தின்னும். கழிச்சலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஈற்றில் மெலிந்த குட்டிகள் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றைத் தாயோடு சேர்த்து இன்னும் ஒரு வாரம் விடலாம். அவை தேறுவதோடு, தாயின் மடியில் பால் கட்டாமலும் இருக்கும்.

சந்தைக்கு அனுப்புவதையும், குட்டிகளை விலைக்கு வாங்குவதையும் பிரித்த முதல் இரண்டு வாரங்களில் தவிர்க்க வேண்டும். வெளியிலிருந்து குட்டி வாங்குவோர், அது அங்கே தின்ற தீவனத்தில் ஒரு வாரத்திற்குத் தேவையானதைக் கேட்டு வாங்கி வந்து, அதனோடு தம் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுவது நலம்.

அடர்தீவனம் எவ்வளவு?

கீழ்க்கண்டவாறு வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். நூறு கிலோவுக்குக் கோதுமைத் தவிடு 40, உடைத்த மக்காச்சோளம் 20, கடலைப் பிண்ணாக்கு 20, உளுந்து அல்லது துவரைப் பொட்டு 17, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1 கிலோ. நாலைந்து முயல் வைத்திருப்பவர் இதே விகிதத்தில் ஐந்து கிலோ மட்டும் கலந்தால் போதும். நாள்பட வைத்திருக்கக் கூடாது. புரதம் ஏறக்குறைய 17, 18 சதம் வரும். மக்காச்சோளத்திற்குப் பதில் கம்பு போடலாம். ஆனால் அளவைக் கூட்ட வேண்டாம். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை, மாடு தின்கிறதே என்று முயலுக்குப் போடவே கூடாது. அதிலுள்ள பூஞ்சை நச்சை முயல் சிறிதும் தாங்காது. மாவாகவே போட்டால் மூக்கில் ஏறித் தும்மும். பாதிக்கு மேல் கீழே சிந்தும். சிறிது நீர் தெளித்துப் பிசிறிக் கொடுங்கள்.

பிரித்த முதல் வாரத்தில் குட்டி ஒன்றுக்கு நாளைக்கு 20 கிராமுக்கு மேல் கொடுக்க வேண்டாம். எட்டாவது வார முடிவில் 40 முதல் 50 கிராம், பன்னிரண்டாவது வாரத்தில் 70 கிராம் அளவுக்குப் படிப்படியாக ஏற்றலாம். உங்கள் கைப்பிடி எத்தனை கிராம் பிடிக்கிறது என்பதை ஒரு முறை தராசில் நிறுத்துப் பார்த்துக்கொண்டால் அப்புறம் தினமும் நிறுக்க வேண்டியதில்லை. முயல் இரவில் தின்னும் பிராணி. மாலையில் பெரும் பங்கும் காலையில் சிறு பங்குமாகப் போடுங்கள்.

தழையும் உலர்தீவனமும்

குட்டியின் மொத்தத் தீவனத்தில் நார்ச்சத்து 14 முதல் 16 சதம் இருக்க வேண்டும். மேற்சொன்ன கலவையில் அந்த அளவு இல்லை. குறையை நிரப்ப வேண்டியது உலர்ந்த கொடியும் பசுந்தழையும்தான். குட்டிகளுக்கு எந்நேரமும் தடையின்றிக் கிடைக்க வேண்டிய தீவனம் ஒன்று உண்டென்றால் அது காய்ந்த கடலைக்கொடி, உளுந்துக்கொடி அல்லது நன்கு உலர்த்திய புல். வாழ்நாள் முழுவதும் வளரும் பற்களைத் தேய்ப்பதற்கும் இது வேண்டும்.

பசுந்தழையில் வேலிமசால், குதிரை மசால், முயல் மசால், அகத்தி, கல்யாண முருங்கை, முருங்கை, அருகம்புல் ஆகியன நல்லவை. (முயல் மசாலுக்கு அப்பெயர் பொருந்தவே செய்கிறது, மானாவாரி மேட்டு நிலத்திலும் வரும்.) பிரித்த வாரத்தில் குட்டிக்கு ஒரு சிறு பிடி, அதாவது 50 கிராம் போல மட்டும் கொடுத்து, பத்தாவது வாரத்திற்குள் 150 முதல் 200 கிராம் வரை உயர்த்தலாம். காலையில் வெட்டிய தழையைக் குவியலாகப் போடாமல் நிழலில் பரப்பி, சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுப்பது நல்லது. குவியலில் சூடேறிய தழையும் பனி சொட்டும் தழையும் குட்டியின் வயிற்றைக் கெடுக்கும். முட்டைக்கோசு இலை போன்ற நீர் மிகுந்த கழிவுகளை இந்தச் சில வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள். இளஞ்சோளப் பயிரில் நச்சு இருப்பதால் அது ஆகாது. சவுண்டல் என்னும் சூபாபுல் தழையைத் தொடர்ந்து மிகுதியாகத் தின்னும் முயலுக்கு முடி உதிரும். மற்றத் தழையோடு சிறிதளவு கலக்கலாம். பூச்சிமருந்து தெளித்த வயலின் களையையும் காய்கறிக் கழிவையும் அறவே விலக்குங்கள்.

நீர்ப்பாசனம் உள்ளவர்கள் இரண்டு சென்ட் நிலத்தை வேலிமசாலுக்கு ஒதுக்கினால் தழைக்கு அலைய வேண்டியதில்லை. வாய்க்கால் கரையும் போதும். இரண்டு சென்டுக்கு 160 முதல் 200 கிராம் விதை பிடிக்கும். விதையின் தோல் கடினமானது. கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கிய நீரில் நான்கைந்து நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால்தான் முளைப்பு சீராக இருக்கும். ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையாக விதைக்கலாம். முதல் வெட்டு மூன்று மாதத்திலும், அடுத்தவை 40 நாட்களுக்கு ஒரு முறையும் கிடைக்கும். நிலத்தை மூன்று பாத்தியாகப் பிரித்து மாற்றி மாற்றி வெட்டினால் தழை இல்லாத நாள் இராது. பெண் முயலை இனச்சேர்க்கைக்கு விடும் முன்பே தழைக்கு வழி செய்துகொள்வது முறை.

தண்ணீரும் வெயிலும்

தழை தின்னும் முயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பாலை மறந்த குட்டிக்கு அதுவரை பாலிலிருந்து கிடைத்த நீரும் நின்றுபோகிறது. உலர்தீவனத்தைப் போல் இரு மடங்கு தண்ணீர் அதற்குத் தேவை. கவிழாத கனமான மண் கலத்தில், தினம் இரு முறை கழுவி நிரப்புங்கள். ஊட்டியிலும் கொடைக்கானல் மலையிலும் குளிர்க் காற்றைத் தடுப்பதே கவலை. சமவெளியில் வெயில்தான் பகை. 35 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறும் பகுதியில், பால் மறக்கும் வாரம் சித்திரை, வைகாசியில் விழாதபடி இனச்சேர்க்கையைத் திட்டமிட வேண்டும்.

கழிச்சல் கண்டால்

தின்னாமல் முதுகைக் கூனி உட்கார்தல், பல்லை நறநறத்தல், உப்பிய வயிறு, வாலடியில் ஒட்டிய ஈரம் ஆகியவை முதல் அறிகுறிகள். அந்தக் குட்டியைத் தனியே பிரித்து, அடர்தீவனத்தையும் பசுந்தழையையும் ஒரு நாள் முழுவதும் நிறுத்தி, உலர்ந்த கொடியும் தண்ணீரும் மட்டும் வையுங்கள். மற்றக் குட்டிகளின் அடர்தீவனத்தையும் பாதியாகக் குறையுங்கள். குட்டிகளைத் தாக்கும் காக்சிடியா என்னும் ஒட்டுண்ணியும் கழிச்சலை உண்டாக்கும். புழுக்கையை எடுத்துச் சென்று கால்நடை மருத்துவரிடம் காட்டினால் எது என்று தெரிந்துவிடும். புழுக்கை படிந்த தீவனமே இது பரவும் வழி. ஆகவே தீவனத்தைத் தரையில் போடாமல், கம்பிவலைத் தரையுள்ள கூண்டில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரையைக் கரைத்து ஊற்றாதீர்கள். மனிதருக்கும் மாட்டுக்கும் பயன்படும் ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லின்கோமைசின் போன்றவை முயலின் வயிற்றுக்குள் சென்றால் நல்ல நுண்ணுயிர்களை அழித்துக் குட்டியையே கொன்றுவிடும்.

பிரிந்த தாய்க்கு இரண்டு மூன்று நாட்கள் அடர்தீவனத்தைக் குறைத்து, உலர்தீவனம் மட்டும் கொடுத்தால் பால் வற்றும். மடி சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். குட்டிகளில் ஆண், பெண்ணைப் பன்னிரண்டாவது வாரத்திற்குள் தனித்தனியே பிரித்துவிட வேண்டும். நல்ல அடர்தீவனம் தின்ற பெரிய இனக் குட்டிகள் அதற்குள் இரண்டு கிலோ அளவை நெருங்கும். தழையை மட்டுமே நம்பி வளர்த்தால் மேலும் சில வாரங்கள் வைத்திருந்து விற்கலாம்.