ஷீட் கூரையில் பாசிக் கறையா?

கடலூர், சிதம்பரம் பக்கம் முற்றத்துக்கு மேல் போட்ட பாலிகார்பனேட் ஷீட், ஐப்பசி கார்த்திகை மழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடும். கடலோரத்தில் உப்பும் படியும். தை பிறந்ததும் இதைச் செய்யுங்கள்.

1. ஷீட் மேல் ஏறவே ஏறாதீர்கள். பழையது சட்டென உடையும். உறுதியான ஏணியும் நீளக் கைப்பிடி வைத்த மாப்பும் போதும்.

2. முதலில் தண்ணீரைப் பாய்ச்சி மண்ணைக் கழுவுங்கள். மண்ணோடு தேய்த்தால் கீறல் விழும், அந்தக் கீறலில் மறுபடி அழுக்கு சேரும்.

3. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் லிக்விட் கலந்து, ஸ்பாஞ்சால் துடைத்து அலசுங்கள். வெயில் ஏறுமுன் முடியுங்கள். சோப்பு காய்ந்தால் அதுவே கறை.

4. போகாத பாசிக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு. சிறிது ஊறினால் பிடி தளரும்.

5. தின்னர், பெட்ரோல், கம்பி நார் கூடவே கூடாது. ஷீட் மங்கும், விரிசல் விடும்.

மஞ்சளாகிப்போனது கறையல்ல, வெயிலின் வேலை. தேய்த்துக் கை வலிப்பதுதான் மிச்சம், ஷீட்டை மாற்றிவிடுங்கள்.