இயங்கும் சேவையகத்தில் வலு வழங்கியை மாற்றுதல்

மாணவர்களே, வீட்டுக் கணினியின் வலு வழங்கி பழுதடைந்தால் கணினி நின்றுவிடும். வைத்தியசாலையிலோ வங்கியிலோ உள்ள சேவையகம் அவ்வாறு நிற்கக்கூடாது. ஆகவே அதில் பெரும்பாலும் இரண்டு வலு வழங்கிகள் இருக்கும். இரண்டும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை 12 வோல்ற்று நேரோட்டமாக மாற்றுகின்றன. ஒன்று பழுதடைந்தால் மற்றையது முழுச் சுமையையும் தாங்கும்.

இரண்டு 750 வாற்று வழங்கிகள் இருப்பின் 1500 வாற்று பயன்படுத்தலாம் எனப் பலர் விடை எழுதுகின்றனர். அது பிழை. சுமை 750 வாற்றைத் தாண்டினால் தனியொன்றால் அதைத் தாங்க முடியாது. பிறகு இரண்டாவது எதற்கு? இரு வடங்களையும் ஒரே மின்சுற்றில் இணைப்பதும் இதே போன்றதுதான்.

மாற்றும்போது முதலில் பின்புறக் குறிகாட்டி விளக்கைப் பாருங்கள். பொதுவாகப் பச்சை நல்லது, செம்மஞ்சள் பழுது. அவசரத்தில் நல்லதைக் கழற்றினால் சேவையகம் அக்கணமே நின்றுவிடும். எனவே இருமுறை பாருங்கள். பழுதானதன் மின்வடத்தைக் கழற்றி, தாழை அழுத்தியபடி கைபிடியைப் பற்றி வெளியே இழுக்க வேண்டும். சேவையகத்தை நிறுத்தத் தேவையில்லை. அதே வகையும் அதே வாற்றும் கொண்ட புதியதை ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை உள்ளே தள்ளி, பின்னரே வடத்தைச் செருகுக. சில வினாடிகளில் பச்சை விளக்கு ஒளிரும்.

கழற்றியதைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். வடத்தைக் கழற்றிய பின்னும் உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் ஏற்றம் தங்கியிருக்கும், உயிராபத்தானது.

பயிற்சி: 650 வாற்று சுமையுடன் இயங்கும் சேவையகத்தில் இரண்டு 500 வாற்று வலு வழங்கிகள் உள்ளன. ஒன்றைக் கழற்றினால் என்ன நிகழக்கூடும்? காரணம் தருக.