பெயருக்கு விலையா, பொருளுக்கு விலையா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

என் அண்ணன் வாலாஜாபேட்டையில் திருமணங்களுக்குப் புகைப்படம் எடுப்பவர். அவருடைய கேனன் காமிராவுக்கு 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று தேவைப்பட்டது. கேனனின் சொந்த லென்ஸை வாங்குவதா, பாதி விலைக்குக் கிடைக்கும் வேறொரு நிறுவன லென்ஸை வாங்குவதா? பணமோ, ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் எங்கள் அம்மாவின் தீபாவளி போனஸ். "நீதான் காலேஜ்ல லென்ஸ் பாடம் படிக்கிறியே, பார்த்துச் சொல்லும்மா" என்றார் அண்ணன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தவறாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற அச்சத்துடன் ஆராயத் தொடங்கினேன்.

கண்ணாடியில் இரகசியம் உண்டா?

காமிராவுடன் வந்த லென்ஸ், 50 மில்லிமீட்டரில் எஃப் 5.6 அளவே திறக்கும். எஃப் 1.8 அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். மங்கலான மண்டபத்தில் இது பெரிய உதவி. இத்தகைய லென்ஸின் அடிப்படை அமைப்பு, 1896இல் ஜெர்மனியின் பால் ருடால்ஃப் வகுத்த 'பிளானார்' வழி வந்தது. அது இன்று எல்லோருக்கும் பொதுச் சொத்து.

இதில் 6 கண்ணாடிகள் 5 தொகுதிகளாக அமைந்துள்ளன; ஆகவே காற்றைத் தொடும் பரப்புகள் 10. பூச்சில்லாத பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடும். மொத்தத்தில் மூன்றிலொரு பங்கு வீணாகும். இதைத் தடுக்கும் மெல்லிய பூச்சுக்கு 1935இல் சைஸ் நிறுவனத்தின் சுமக்குலா காப்புரிமை பெற்றார். மக்னீசியம் ஃபுளூரைடு பூச்சானால் தடிமன் சுமார் 100 நானோமீட்டர் போதும். நாம் வகுப்பில் படித்த கால் அலைநீளக் கணக்குத்தான் இது! இதுவும் இன்று இரகசியமன்று.

அப்படியானால் வேறுபாடு எங்கே?

முதலாவது, காமிராவுடன் பேசும் மொழி. 1987இல் வந்த கேனன் ஈ.எஃப். லென்ஸ் முறையில் குவியமும் துளையும் மின் சைகைகளால் இயங்குகின்றன. பிற நிறுவனங்கள் பல அம்மொழியைத் தாமே ஆராய்ந்து கற்றன. பழைய சிக்மா லென்ஸ்கள் சில, பின்னர் வந்த கேனன் காமிராக்களில் இயங்க மறுத்தது இதனால்தான். ஆயினும் வெளி நிறுவனம் என்றாலே மட்டம் என்பது தவறு. 1950இல் தோன்றிய டாம்ரானும் 1961இல் தோன்றிய சிக்மாவும் நற்பெயர் பெற்றவை.

இரண்டாவது, ஒவ்வொரு லென்ஸும் ஒரே தரமாக இருத்தல். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, ஸ்டாண்டில் காமிராவை நிறுத்தி, கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய லென்ஸ்களைச் சோதித்தேன். மாற்று லென்ஸ் ஒன்றில் இடப்பக்க எழுத்துகள் மட்டும் மங்கின. அதே பெயருடைய இன்னொன்றில் அக்குறை இல்லை. எஃப் 5.6இல் அந்த இரண்டாவது லென்ஸுக்கும் அசலுக்கும் வேறுபாடே தெரியவில்லை. ஆனால் எஃப் 1.8இல் 20 முறை தானாகக் குவியச் செய்தபோது, மாற்று லென்ஸ் 5 முறை தவறியது. அசல் ஒரு முறை.

முடிவுரை

இதை அம்மாவிடம் சொன்னேன். "நாங்க தைக்கிற ஷூவுல அந்தப் பேரு கடைசியிலதான் விழும். அதுக்கு முன்னாடி செக்கிங்ல எத்தனை ஜோடியைத் தள்ளுறாங்க தெரியுமா?" என்றார். நான் தேடிய விடை அதில் இருந்தது. பெயருக்கென்று கொடுக்கும் விலையில் ஒரு பங்கு அந்தச் சோதனைக்குரியது.

தோழியரே, பழகுவதற்கும் நிதானமாக எடுக்கும் படங்களுக்கும் மாற்று லென்ஸே போதும். ஆனால் அந்தச் சோதனையை நாமே செய்து வாங்க வேண்டும். தாலி கட்டும் கணம் மட்டும் இரண்டாம் முறை வாராது. ஆகவே அண்ணனிடம், "அசலையே வாங்குங்க அண்ணா" என்றேன். அம்மா மறுபேச்சின்றிப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.