மரபணுக்களின் நெறிப்பாடும் தலசீமியா நோயும்

மனித உடலில் உட்கரு உடைய உயிரணுக்கள் ஏறக்குறைய அனைத்திலும் ஒரே மரபணுத் தொகுதியே அமைந்துள்ளது. ஆயினும் இரத்தச் சிவப்பணுவாக வளரும் உயிரணுவே ஹீமோகுளோபினை மிகுதியாக உருவாக்குகிறது. தோலின் உயிரணு அவ்வாறு செய்வதில்லை. எந்த மரபணு எங்கே, எப்பொழுது, எந்த அளவில் செயற்பட வேண்டும் என்பதை உயிரணு நெறிப்படுத்துவதே இதற்குக் காரணமாகும். இந்நெறி பிறழ்வதன் விளைவை மேற்கு வங்காளத்தில் பரவலாகக் காணப்படும் தலசீமியா நோய் நன்கு விளக்குகிறது.

நெறிப்பாடு பல படிகளில் நிகழ்கிறது. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மீது சுற்றப்பட்டுள்ளது. சுற்று இறுகியுள்ள இடத்தில் மரபணு செயலற்றிருக்கும். தளர்ந்த இடத்தில் தூண்டு புரதங்கள் வந்து அமர, ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும். ஹீமோகுளோபினின் ஒரு கூறான பீட்டா குளோபினுக்குரிய மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளது. அதன் படியிலிருந்து இரண்டு இடைப்பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சிய மூன்று பகுதிகளும் இணைக்கப்பட்ட பின்னரே புரதம் உருவாகும்.

இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் பீட்டா தலசீமியாப் பிழை, முதல் இடைப்பகுதியின் ஐந்தாம் எழுத்தில் நேர்வதாகும். அந்த ஓர் எழுத்து மாறுவதால் வெட்ட வேண்டிய இடம் தவறுகிறது. புரதத்தின் அளவு மிகவும் குறைகிறது. வங்காளத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் காணப்படும் ஹீமோகுளோபின் 'ஈ' என்னும் மாற்றமும் புரதத்தின் தன்மையோடு அதன் அளவையும் பாதிக்கிறது.

கடுமையான தலசீமியா உள்ள குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை அகற்ற மருந்தும் வேண்டும். கொல்கத்தாவின் டாலிகஞ்ச் போன்ற நகர்ப்பகுதியில் வாழும் குடும்பமாயினும், தொலைவிலுள்ள சிற்றூர்க் குடும்பமாயினும், இச்சுமை எளிதன்று.

கருவிலுள்ள குழந்தைக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்தபின் அதன் மரபணு பெரும்பாலும் அடக்கப்படுகிறது. அதனை அடக்குவதில் பி.சி.எல்.11ஏ என்னும் புரதத்திற்கு முதன்மையான பங்கு உண்டு என்பது 2008ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. இவ்வடக்கத்தை நீக்கும் மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023ஆம் ஆண்டில் பிரிட்டன் ஒப்புதல் அளித்தது. எனினும் அதன் செலவு மிகப் பெரிது.

எனவே தடுப்பே இன்று எட்டக்கூடிய வழியாகும். பிழையை ஒரு பிரதியில் மட்டும் தாங்குவோர் பெரும்பாலும் நலமாகவே இருப்பர். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. திருமணத்திற்கு முன் செய்யும் ஓர் இரத்தப் பரிசோதனை இதனை முன்கூட்டியே அறிவிக்கும். மரபணுப் பாடத்தை மாணவர் கற்பதும், பரிசோதனை வசதியை அலுவலர் ஊர்தோறும் கொண்டுசெல்வதும் ஒரே பணியின் இரு பகுதிகளாகும்.