பிள்ளை பிறந்த வீட்டில் ஓர் இடம்



பிள்ளைப் பேற்றுக்கென அல்லாஹுத்தஆலாவே ஓர் இடத்தை அமைத்துக் கொடுத்த வரலாற்றை, திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். ஹஜ்ரத் மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையோடு ஒரு பேரீச்ச மரத்தடியை அடைகிறார்கள். துணைக்கு ஒருவருமில்லை. ஊரார் என்ன சொல்வார்களோ என்ற துயரம் வேறு. அந்த வேளையில் அவர்களுக்குக் கிடைத்தவை எவை? காலடியில் நீரோடை, மரத்தை அசைத்தால் உதிரும் கனிந்த பழம், கவலை வேண்டாம் என்னும் ஆறுதல், மனிதர் எவரோடும் பேச வேண்டியதில்லை என்னும் ஓய்வு.

தண்ணீர், உணவு, ஆறுதல், ஓய்வு. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு இந்த நான்கும் கிடைக்கின்றனவா?

அண்மையில் ஒரு வீட்டில் ஏழாம் நாள் பெயரிட நம்மை அழைத்திருந்தார்கள். முன்கூடத்தில் விருந்தாளிகளுக்கு மின்விசிறி சுழன்றது. தாயும் பிள்ளையுமோ பின்கட்டில், ஜன்னல் மூடிய சிறிய அறையில் இருந்தார்கள். சாம்பிராணிப் புகை நம் கண்ணையே கரித்தது. பிள்ளையை ஏந்தி வந்த உம்மம்மாவிடம் காரணம் கேட்டோம். "பச்சை உடம்புக்காரி, காற்றுப் படக்கூடாது ஆலிம்சா. தீட்டு வேறே இருக்குதே!" என்றார்கள். அந்தத் தாயின் தட்டும் குவளையும் வாசலோரம் தனியே வைக்கப்பட்டிருந்தன.

நிஃபாஸ் உடைய பெண்ணுக்குத் தொழுகையும் நோன்பும் இல்லை. ஆனால் அவள் தீண்டத்தகாதவள் அல்லள். ஹஜ்ரத் ஆயிஷா (ரலி) அவர்கள் மாதவிலக்கில் இருந்தபோது பருகிய பாத்திரத்தில், அவர்கள் வாய் வைத்த இடத்திலேயே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாய் வைத்துப் பருகினார்கள் என்று முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. தனித் தட்டும் இருட்டறையும் நம் மார்க்கம் சொன்னவை அல்ல. ஆகவே வீட்டில் வெளிச்சமும் காற்றும் உள்ள நல்ல அறை எதுவோ, அதையே தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுங்கள். காற்று நேரே வீசாத பக்கமாகப் படுக்கையைப் போடலாம்; ஜன்னலை அடைக்க வேண்டியதில்லை. சாம்பிராணி, ஊதுபத்தி, பீடி, சிகரெட் ஆகிய எந்தப் புகையும் அங்கே வேண்டாம்.

அந்த இடத்தில் பொருள்கள் நிறைய வேண்டியதில்லை. கை கழுவத் தண்ணீரும் சோப்பும் வாசலருகே இருக்கட்டும். பிள்ளையைத் தூக்குகிறவர் யாராயினும் கழுவிய பிறகே தூக்கட்டும். துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணிகள் ஒரு பக்கமும், நனைந்த துணிகளுக்கு மூடியுள்ள வாளி மறுபக்கமும் இருந்தால் நஜீஸ் கலவாது, தொழுகிறவருக்கும் சந்தேகம் வராது. பாலன்றி வேறு உணவு உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில், அது முழுதும் நனையத் தண்ணீர் தெளித்தால் போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. கழுவ வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபு. பெண் குழந்தையாயின் இரு மத்ஹபிலும் கழுவவே வேண்டும்.

பிள்ளையைச் சமமான, கெட்டியான விரிப்பில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணையும் மெத்தென்ற திண்டும் மூச்சை அடைக்கக் கூடியவை. தூளியில் கழுத்து மடிந்து முகம் துணியில் புதைந்துவிடும் அபாயம் உண்டு. முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம். கொப்பூழில் சாம்பலோ மஞ்சளோ பூசாமல் உலர்ந்திருக்க விடுங்கள். சுர்மாவும் வேண்டாம், விற்பனையாகும் சுர்மாக்கள் பலவற்றில் ஈயம் இருப்பது தெரியவந்துள்ளது. எடை 2½ கிலோவுக்குக் குறைந்த பிள்ளையைத் தாயின் மார்போடு, தோல் தோலில் படும்படி அணைத்து வைப்பது நல்ல கதகதப்பு என மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். 6 மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டாம். தஹ்னீக் என்ற பெயரில் தேன் தடவும் வழக்கம் சிலரிடம் உள்ளது. ஹஜ்ரத் அஸ்மா (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் செய்தது பேரீச்சம்பழத்தால். ஓராண்டு நிறையும்வரை தேன் ஆகாது என்பது மருத்துவர் எச்சரிக்கை. தஹ்னீக் செய்வதாயின் அவரிடம் கேட்டு, கழுவிய விரலால் மிகச் சிறிதளவே தடவுங்கள்.

பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், நிமிடத்திற்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலும், உடல் கொதித்தாலும், சில்லிட்டாலும், வலிப்பு வந்தாலும், முதல் நாளிலேயே மஞ்சள் பூத்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணை அறைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். ஓதிப் பார்ப்பது நல்லதே. ஆனால் ஓதிக்கொண்டே புறப்படுங்கள், ஓதி முடியட்டும் எனக் காத்திராதீர்கள்.

பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் தருவது தகப்பன் கடமை என்று பகரா அத்தியாயம் விதிக்கிறது. அந்த அறையை ஒழுங்கு செய்வதும், ஓய்வைக் கெடுக்கும் விருந்தாளிகளை அன்போடு முன்கூடத்திலேயே அமர்த்துவதும் அந்தக் கடமையைச் சேர்ந்தவையே என்பது நம் கருத்து.

அந்த வீட்டில் இவற்றைச் சொன்னபோது உம்மம்மா சற்று நேரம் பேசவில்லை. "நாற்பது நாளும் என் உம்மா என்னை இப்படித்தான் வைத்திருந்தார்கள்" என்றார்கள். பிறகு சாம்பிராணித் தட்டைத் தாமே எடுத்து முற்றத்தில் வைத்தார்கள். ஜன்னல் கொக்கி துருவேறியிருந்தது. பிள்ளையின் வாப்பா தட்டித் தட்டித் திறந்தார். அதன் பிறகே பெயரிட்டோம்.

பிள்ளை நம் கையில் தரப்பட்ட அமானத். அதைப் பழுதில்லாமல் பேணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.