அப்பன் செய்த பாவம் பிள்ளையைச் சேருமா?

கேள்வி: பெற்றோரின் பாவத்துக்குப் பிள்ளைகளைக் கடவுள் தண்டிப்பார் என்று யாத்திராகமத்தில் இருக்கிறதே, இது நியாயமா?

பதில்: கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களையும் வதைத்த கேள்வி இது. முன்னோர் செய்ததற்கு நாம் அனுபவிக்கிறோம் என்று புலம்பினார்கள். அவர்களோடு இருந்த எசேக்கியேல் தீர்க்கதரிசி அதை மறுத்தார். அவருடைய நூலின் 18ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். நல்ல தகப்பன், கெட்ட மகன், மறுபடி நல்ல பேரன் என்று மூன்று தலைமுறையை நிறுத்தி, அவரவர் கணக்கைத் தனித்தனியே தீர்க்கிறார். தகப்பனின் புண்ணியம் மகனைக் காப்பாற்றவில்லை. மகனின் பாவம் பேரனைத் தொடவில்லை. திருந்தியவனுக்கு அவனுடைய பழைய கணக்கும் இல்லை. இந்த இடம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. யாத்திராகமத்தில் மோசே சொன்னதை எசேக்கியேல் வந்து நீக்கிவிட்டார் என்று யூதர்களின் சமயநூலான தல்மூத்தே துணிந்து பேசுகிறது.

கிறிஸ்தவத்தில், ஆதாமின் பாவம் மனிதர் எல்லோரையும் சேர்கிறது என்ற இறையியலாளர் அகஸ்டினின் போதனை இதைச் சிக்கலாக்கியது. ஆனாலும் கடவுளுக்கு அவரவரே கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொன்னதுதான். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றார் இயேசு. குறையோடு பிறந்த குழந்தையின் தாயிடம், என்ன பாவம் செய்தாயோ என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.